இரட்டைக் கச்சைப் பெருமாட்டி அஸ்மா (ரலி)

தஞ்சைத் தரணியில் வாழும் வாசகர்களே! மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிந்து பாய்ந்து, வாய்க்கால்களெல்லாம் நிறைந்துவிட்டால், நம் ஊர்களில் ஒரு காட்சியைக் காண்பீர்கள். நாற்று முடிகளைத் தலையிலே சுமந்து, வழுக்கும் வரப்பின்மீது கால் தவறாமல் பெண்கள் நடந்து செல்வார்கள். அறுவடை வந்தால் அதே தலையில் கதிர்க்கட்டு ஏறும். பின்னர் மாட்டுக்கு வைக்கோல், அடுப்புக்கு விறகு. இயந்திரங்கள் வயலில் இறங்கிவிட்ட இந்நாளிலும் பெண்ணின் தலைச்சுமை முற்றிலும் இறங்கிவிடவில்லை.

நம் முஸ்லிம் இல்லங்களிலே சுமை இன்னொரு வகையானது. கூத்தாநல்லூர், பொதக்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, ராஜகிரி, வழுத்தூர், நீடூர், நாகூர் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஆண்கள் கடல் கடந்து பொருளீட்டச் சென்ற வரலாறு உண்டு. ஒரு தலைமுறை ரங்கூனுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றது. 1970-களுக்குப் பின் வந்த தலைமுறை வளைகுடா நாடுகளுக்குச் சென்றது. சபர் போனவர் திரும்பி வரும்வரை குத்தகை நெல்லை அளந்து வாங்கியவள் யார்? மாமியாரின் நோய்க்கு மருந்து தேடியவள் யார்? பிள்ளைகளை ஓதப் பள்ளிக்கும் பாடசாலைக்கும் அனுப்பியவள் யார்? அண்டை வீட்டில் பிரசவம் என்றாலும், மையித்து விழுந்தது என்றாலும் முதலில் ஓடி நின்றவள் யார்? நம் தாய்மார்களே அன்றோ!

அவர்களுடைய உழைப்பை நாம் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் இஸ்லாமிய வரலாறு அப்படி ஒரு பெண்மணியின் உழைப்பைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. அவர் சுமந்த சுமை எது, எவ்வளவு தூரம் சுமந்தார் என்பதைக்கூட மறவாமல் பதிந்து வைத்திருக்கிறது. அவர்தாம் அஸ்மா பின்த் அபூபக்கர் (ரலி) அவர்கள். அந்த அம்மையாரின் வாழ்வை இந்த வெள்ளிக்கிழமையிலே நாம் நினைவுகூர்வோம்.

உண்மையாளரின் மூத்த மகள்

ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு முன்னர் மக்காவிலே பிறந்தவர் அஸ்மா (ரலி). தந்தை, ஸித்தீக் என்னும் உண்மையாளர் பட்டம் பெற்ற அபூபக்கர் (ரலி). தாய் குதைலா. அறியாமைக் காலத்திலேயே அபூபக்கர் (ரலி) அவர்கள் குதைலாவை மணவிலக்குச் செய்துவிட்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அஸ்மாவுக்கு வேறு தாய் வயிற்றுத் தங்கை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏகத்துவ அழைப்பை விடுத்த தொடக்க நாட்களிலேயே அஸ்மா (ரலி) இஸ்லாத்தைத் தழுவினார். அவருக்கு முன் இந்நெறியை ஏற்றிருந்தவர்கள் பதினேழு பேர்தாம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவார்கள். மக்கத்துக் குறைஷியரின் கொடுமை நாளுக்கு நாள் மிகுந்துகொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் ஓர் இளம்பெண் அப்பட்டியலில் சேர்வதென்றால், அது விளையாட்டன்று.

கிழிந்த கச்சையும் கூழாங்கற்களும்

கி.பி. 622. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொன்றுவிடக் குறைஷியர் சதி செய்த இரவு. பெருமானார் அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மக்காவை விட்டு வெளியேறி, தவ்ர் குகையிலே மூன்று இரவுகள் தங்கினார்கள். அவர்களைப் பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. ஊரெங்கும் கண்கள்; ஊரெங்கும் காதுகள். இந்நிலையிலே அவர்களின் வழிப்பயணத்துக்கான உணவை ஆயத்தம் செய்யும் பொறுப்பு அஸ்மாவின் கைகளில் இருந்தது.

உணவுப் பையும் தண்ணீர்த் துருத்தியும் ஆயத்தமாயின. ஆனால் அவற்றைக் கட்டுவதற்குக் கயிறு இல்லை. தேடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அஸ்மா (ரலி) தம் இடையிலே கட்டியிருந்த கச்சையை அவிழ்த்தார், இரண்டாகக் கிழித்தார், ஒன்றால் உணவையும் மற்றொன்றால் துருத்தியையும் கட்டினார். அன்று முதல் இரட்டைக் கச்சைக்காரர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. மன்னர்கள் வழங்கும் பட்டங்கள் மன்னர்களோடு மறைந்துவிடுகின்றன. ஒரு கிழிந்த துணியால் கிடைத்த இப்பட்டமோ பதினான்கு நூற்றாண்டுகளாக மறையவில்லை.

சென்றவர்கள் சென்றுவிட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். அபூஜஹ்ல் கூட்டத்தோடு வந்து வாசலில் நின்றான். தந்தை எங்கே என்று கேட்டான். அறியேன் என்றார் அஸ்மா. அந்தக் கொடியவன் ஓங்கி அறைந்த அறையில் அவருடைய காதணி தெறித்து விழுந்தது. ஆனால் வாயிலிருந்து ஒரு சொல்லும் உதிரவில்லை.

அடுத்து ஒரு சோதனை, வீட்டுக்குள்ளேயே வந்தது. அபூபக்கர் (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் திர்ஹங்களையும் இறைப்பணிக்காகக் கையோடு கொண்டு சென்றுவிட்டார்கள். அவருடைய தந்தை அபூகுஹாஃபா முதியவர். கண் பார்வை இழந்தவர். அப்போது இஸ்லாத்தை ஏற்காதவர். மகன் தானும் போய், பொருளையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளை நிர்க்கதியாக விட்டுவிட்டானே என்று அவர் கலங்கினார். அஸ்மா (ரலி) கூழாங்கற்களைப் பொறுக்கி, தந்தை பணம் வைக்கும் மாடத்திலே வைத்து, மேலே துணியை மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மீது வைத்தார். முதியவரின் மனம் ஆறியது. தந்தை உண்மையில் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை என்பதையும், கிழவரின் உள்ளத்தை அமைதிப்படுத்தவே அவ்வாறு செய்ததையும் அஸ்மா (ரலி) பின்னாளில் ஒளியாமல் எடுத்துச் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தாமதமாகும் மாதங்களில், வீட்டுப் பெரியவர்களின் முகம் வாடாமல் குடும்பத்தை ஓட்டிய தாய்மார்களே! அந்த மாடத்துக் கற்களின் கனம் உங்களுக்குத் தெரியாதா?

குபாவில் பிறந்த குழந்தை

அஸ்மா (ரலி) அவர்களின் கணவர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகன். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். வாள் வீச்சிலே நிகரற்ற வீரர். ஆனால் கையில் பொருளில்லாதவர்.

அஸ்மா (ரலி) மக்காவை விட்டுப் புறப்பட்டபோது நிறைமாதக் கர்ப்பிணி. பாலைவெயிலும் ஒட்டகப் பயணமும் கடந்து மதீனாவை அடுத்த குபாவை அடைந்ததும் ஆண் மகவை ஈன்றார். குழந்தையை அண்ணலாரின் மடியிலே கொண்டு வைத்தார். அண்ணலார் ஒரு பேரீச்சம் பழத்தைத் தம் திருவாயால் மென்று குழந்தையின் வாயிலிட்டு, துஆச் செய்து, அப்துல்லாஹ் எனப் பெயரிட்டார்கள். ஹிஜ்ரத் செய்த முஸ்லிம்களுக்கு மதீனாவில் பிறந்த முதல் குழந்தை அதுவே. ஊரை இழந்து, சொத்தை இழந்து, உறவை இழந்து வந்த அம்மக்களுக்கு அக்குழந்தையின் அழுகுரல் ஒரு புதுவாழ்வின் அறிவிப்பாக ஒலித்தது. மதீனா மகிழ்ச்சியால் நிறைந்தது.

இரண்டு மைல் தலைச்சுமை

இனி அந்த அம்மையாரின் இல்லற வாழ்வைப் பாருங்கள். மணமுடித்தபோது ஸுபைர் (ரலி) அவர்களிடம் இருந்தவை ஒரு குதிரையும், நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் மட்டுமே. பணியாள் இல்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், தண்ணீர் சுமப்பதும், கிழிந்த தோல் வாளியைத் தைப்பதும், மாவு பிசைவதும் அஸ்மாவின் வேலை. மக்காவின் செல்வந்த வணிகர் ஒருவரின் மூத்த மகள் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவருக்கு ரொட்டி சுடுவது மட்டும் நன்றாகக் கைவரவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அக்கம் பக்கத்து அன்ஸாரிப் பெண்கள் வந்து சுட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் உண்மையான நட்புடையவர்கள் என்று அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தமக்கு வராத வேலையை வரவில்லை என்று சொல்லவும், உதவியவர்களின் பெயரை மறவாமல் போற்றவும் ஒரு பெருமனம் வேண்டும்.

மதீனாவுக்கு வெளியே ஒரு நிலத்தை அண்ணலார் ஸுபைர் (ரலி) அவர்களுக்கு வழங்கியிருந்தார்கள். வீட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவு. அங்கிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையிலே சுமந்து வருவார் அஸ்மா (ரலி). கொட்டைகளை இடித்து ஒட்டகத்துக்குத் தீனியாக்குவதும் அவரே. நம் பக்கத்திலே களத்திலிருந்து வைக்கோற் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அக்காட்சி உங்கள் கண்முன் வந்துவிடும்.

ஒருநாள் அவ்வாறு சுமந்து வருகையில், வழியில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் சிலரோடு எதிரே வந்தார்கள். சுமையோடு வரும் அஸ்மாவைக் கண்டதும் அழைத்து, தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, பின்னால் ஏற்றிக்கொள்ள முன்வந்தார்கள். ஆனால் அஸ்மாவுக்கு ஆண்களோடு பயணம் செய்ய நாணம் வந்தது. தம் கணவரின் ரோஷ குணமும் நினைவுக்கு வந்தது. தயங்கி நின்றார். அந்தத் தயக்கத்தை ஒரு பார்வையிலேயே அண்ணலார் புரிந்துகொண்டார்கள். வற்புறுத்தவில்லை, காரணம் கேட்கவில்லை. ஒட்டகத்தை எழுப்பிச் சென்றுவிட்டார்கள்.

வீடு வந்து அஸ்மா (ரலி) நடந்ததைக் கணவரிடம் கூறினார். அதைக் கேட்ட ஸுபைர் (ரலி), அண்ணலாரோடு ஒட்டகத்தில் அமர்ந்து வந்திருப்பதைக் காட்டிலும், மனைவி கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவதே தமக்குக் கடினமாக இருக்கிறது என்று மனம் வருந்திச் சொன்னார்.

சிறிது காலத்திற்குப் பின் அபூபக்கர் (ரலி) அவர்கள் ஒரு பணியாளரை மகளிடம் அனுப்பி வைத்தார்கள். குதிரையைப் பராமரிக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். அதனைப் பற்றிப் பின்னாளில் பேசிய அஸ்மா (ரலி), தம்மை அடிமைத்தளையிலிருந்து விடுவித்தது போல் இருந்தது என்று உணர்ந்ததாகக் கூறியுள்ளார்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அஸ்மா (ரலி) கடமையிலே குறை வைத்தவர் அல்லர். முகம் சுளித்துக் கைவிட்டவரும் அல்லர். ஆனால் சுமை கனமாக இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. கனம் குறைந்தபோது விடுதலை கிடைத்தது போன்று இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. அவர் சொன்னது அப்படியே பாதுகாக்கப்பட்டு, நாம் மிக உயர்வாக மதிக்கும் ஹதீஸ் நூல்களிலே இடம் பெற்றிருக்கிறது. நல்ல மனைவி என்பவள் வாய் திறவாமல் தேய்ந்து போகிறவள் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். இஸ்லாத்தின் முதல் தலைமுறை அவ்வாறு எண்ணவில்லை. பெருமானார் ஒட்டகத்தை நிறுத்தினார்கள், கணவர் வருந்தினார், தந்தை பணியாளரை அனுப்பினார். ஒரு பெண்ணின் தலைச்சுமையைக் கண்டு மூவர் உள்ளம் அசைந்தது. நம் வீட்டுப் பெண்ணின் சுமையைக் கண்டு நம்மில் எத்தனை பேர் உள்ளம் அசைகிறது?

தாயும் மகளும்

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் மக்காவிலிருந்து குதைலா தம் மகளைக் காண மதீனா வந்தார். கையிலே அன்புக் காணிக்கைகள். ஆனால் அவர் இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர். பெற்ற தாயை வீட்டுக்குள் அழைக்கலாமா, அவர் தருவதை வாங்கலாமா என்று அஸ்மாவின் உள்ளம் தவித்தது. தாமாக முடிவெடுக்காமல், அண்ணலாரிடம் கேட்டார். தாயைச் சேர்த்துக்கொள்ளுமாறும், அவருக்கு நன்மை செய்யுமாறும் அண்ணலார் பணித்தார்கள். நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாத பிற சமயத்தாருக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் இறைவன் தடுக்கவில்லை என்று கூறும் திருமறை வசனத்துக்கு இந்நிகழ்ச்சியையே காரணமாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுவார்கள்.

பல சமயத்தாரும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் வேளாண்மை செய்து, ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் மற்றவர் பங்கு கொண்டு வாழும் நம் காவிரி நாட்டுக்கு, இந்தத் தாய் மகள் சந்திப்பிலே அரிய பாடம் இருக்கிறது.

நாளைக்கென வைக்காத கை

ஒருமுறை அஸ்மா (ரலி) அண்ணலாரிடம், கணவர் கொண்டுவந்து தருவது தவிரத் தம்மிடம் வேறு பொருள் இல்லை என்றும், அதிலிருந்து தர்மம் செய்யலாமா என்றும் கேட்டார். இயன்றதைக் கொடுக்குமாறும், முடிந்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், முடிந்து வைத்தால் இறைவனும் தன் அருளை முடிந்து வைப்பான் என்றும் அண்ணலார் அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரை அவர் வாழ்வின் இலக்கணமாகிவிட்டது.

அவருடைய மகன் அப்துல்லாஹ் (ரலி) ஓர் அழகிய ஒப்பீடு செய்திருக்கிறார். சிற்றன்னை ஆயிஷாவையும் அன்னை அஸ்மாவையும் விடக் கொடைகுணம் மிக்க பெண்களைத் தாம் கண்டதில்லை என்றார். ஆனால் இருவர் வழியும் வேறு. ஆயிஷா (ரலி) சிறுகச் சிறுகச் சேர்த்துப் பின் மொத்தமாகப் பங்கிட்டு வழங்குவார். அஸ்மா (ரலி) நாளைக்கென்று ஒன்றையும் வைக்கமாட்டார். வந்ததை வந்த அன்றே வழங்கிவிடுவார்.

அன்னை ஆயிஷா (ரலி) மறைந்தபின் ஃகாபா என்னும் இடத்திலே ஒரு நிலம் அஸ்மாவுக்கு வாரிசுரிமையாக வந்தது. அந்நிலத்துக்கு முஆவியா (ரலி) அவர்கள் ஒரு லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அஸ்மா (ரலி) அதை விற்கவில்லை. தம் குடும்பத்து இளைஞர்களான காஸிம் இப்னு முஹம்மத், இப்னு அபீ அத்தீக் ஆகிய இருவருக்கும் அன்பளிப்பாக வழங்கிவிட்டார். ஒரு மா நிலத்துக்காக, ஒரு வரப்பின் அகலத்துக்காக உடன்பிறந்தோர் நீதிமன்றப் படியேறும் காலம் இது. சகோதரிகளின் பாகத்தைக் கொடுக்காமலே இழுத்தடிக்கும் குடும்பங்களும் நம்மிடையே இல்லாமலில்லை. தமக்குச் சட்டப்படி கிடைத்த பாகத்தையும் பிறருக்கு மனமுவந்து கொடுத்த இந்தப் பெண்மணியை அத்தகையோர் எண்ணிப் பார்ப்பார்களாக.

நோயாளிகளுக்கும் அவர் வீடு அடைக்கலமாக விளங்கியது. காய்ச்சல் கண்ட பெண்களை அவரிடம் கொண்டுவருவார்கள். அவர்களுக்காகப் பிரார்த்தித்து, காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்குமாறு அண்ணலார் கூறியதை நினைவுபடுத்தி, தம் கையாலேயே அவர்கள் மார்பிலே தண்ணீர் தெளிப்பார். அண்ணலார் அணிந்திருந்த ஓர் அங்கியும் அவரிடம் பாதுகாப்பில் இருந்தது. அதைக் கழுவிய நீரை நோயாளிகளுக்கு அருந்தக் கொடுப்பார்.

கல்வித் தொண்டிலும் அவர் பின்தங்கவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட நபிமொழிகள் அவர் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ளன. சூரிய கிரகணத் தொழுகையின்போது நெடுநேரம் நின்று மயக்கம் வந்தபோதும், பக்கத்திலிருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு தொடர்ந்து நின்ற செய்தியை அவரே அறிவித்திருக்கிறார். அவர் மகன் உர்வா, மதீனாவின் புகழ்பெற்ற ஏழு மார்க்க மேதைகளுள் ஒருவரானார். தாய் அறிந்தது மகனின் நாவழியே சமுதாயத்தின் சொத்தாயிற்று.

நம் டெல்டா மண்ணிலும் இதற்குச் சான்று தேடலாம். 1917-இல் நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் செல்ல வாய்க்காதவர். ஆயினும் 1938-இல் அவருடைய புதினம் அச்சேறியது. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை எழுதினார். அடுக்களையில் இருப்பவளிடம் அறிவு இராது என்பது எத்துணைப் பெரிய தவறு!

நூறாவது வயதில் ஒரு சோதனை

அஸ்மாவின் இல்லறம் இறுதிவரை இனிதாகவே சென்றது என்று சொல்வதற்கில்லை. ஸுபைர் (ரலி) கண்டிப்பு மிக்கவர். ஒருமுறை அஸ்மா (ரலி) தம் தந்தையிடம் முறையிட்டதும், தந்தை பொறுமையை உபதேசித்ததும் வரலாற்றில் உண்டு. பல ஆண்டுகள் வாழ்ந்து, மக்கள் பலரைப் பெற்ற பின்னர் அவர்கள் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தார்கள். கி.பி. 656-இல் ஸுபைர் (ரலி) கொல்லப்பட்டார். அஸ்மா (ரலி) தம் மூத்த மகன் அப்துல்லாஹ்வோடு வாழ்ந்தார். பிரிவு நேர்ந்ததால் அவருடைய மதிப்பை அச்சமுதாயம் ஒரு மாற்றும் குறைக்கவில்லை. மணவிலக்கான பெண்ணை ஏளனமாகப் பார்க்கும் கண்கள் இதையும் பார்க்கட்டும்.

பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) மக்காவிலே கலீஃபாவாக ஏற்கப்பட்டார். உமையா ஆட்சியாளர் அப்துல் மலிக், அவரை ஒடுக்க ஹஜ்ஜாஜ் என்னும் கல்நெஞ்சனைப் படையுடன் அனுப்பினார். கி.பி. 692. மக்கா பல மாதங்கள் முற்றுகையில் தவித்தது. கவண்பொறிகள் கற்களை வீசின. பசி வாட்டியது. ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் கைவிட்டுச் சென்றார்கள். பெற்ற பிள்ளைகள் சிலர்கூட எதிரியிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.

அப்துல்லாஹ் (ரலி) தாயிடம் வந்தார். தாய்க்கு வயது நூறை எட்டியிருந்தது, கண்ணொளி மங்கிவிட்டது. சரணடைந்தால் கேட்பதைத் தருவதாக எதிரிகள் கூறுவதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டார். உலகின் எந்தத் தாய்க்கும் இதைவிடக் கொடிய கேள்வி வரக்கூடுமா? பிழைத்துக்கொள் என்று சொல்லத் துடிப்பதே தாயுள்ளம். ஆனால் அஸ்மா (ரலி), தான் உண்மையின்மீது நிற்பதாக மகன் உறுதியாக அறிந்திருந்தால் அதிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்றும், உலகத்துக்காகத்தான் போராடியிருந்தால் தன்னையும் தன்னோடு மடிந்தவர்களையும் அவன் அழித்துவிட்டான் என்றும் கூறினார். இறந்தபின் தம் உடலைச் சிதைப்பார்களே என்று மகன் அஞ்சியபோது, அறுக்கப்பட்ட ஆட்டுக்குத் தோலை உரிப்பதால் நோவு தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். விடைபெறத் தழுவியபோது மகனின் உடலில் இரும்புக் கவசம் தட்டுப்பட்டது. வீரச்சாவை நாடுபவனுக்கு இது எதற்கு என்று அதையும் களையச் செய்தார்.

அப்துல்லாஹ் (ரலி) அன்று போரிட்டு வீழ்ந்தார். குபாவில் அண்ணலாரின் மடியிலே கிடந்த குழந்தையின் உடல், மக்காவிலே மரத்தில் தொங்கவிடப்பட்டது. ஹஜ்ஜாஜ் அம்மூதாட்டியைத் தன்னிடம் வருமாறு ஆளனுப்பினான். அவர் மறுத்தார். தலைமுடியைப் பற்றி இழுத்துவரச் செய்வேன் என்று மிரட்டினான். அப்போதும் மறுத்தார். கடைசியில் அவனே அவரைத் தேடி வந்தான். இறைவனின் எதிரியைத் தான் என்ன செய்தேன் பார்த்தாயா என்று கேட்டான். மகனின் உலகத்தை நீ பாழாக்கினாய். அவனோ உன் மறுமையைப் பாழாக்கிவிட்டான் என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். இரட்டைக் கச்சைக்காரி மகன் என்று அவன் இழிவாகப் பேசியதை அறிந்து, அக்கச்சையின் வரலாற்றை அவன் முகத்தின் முன்னே எடுத்துரைத்தார். ஸகீஃப் குலத்திலிருந்து ஒரு பொய்யனும் ஒரு நாசகாரனும் தோன்றுவார்கள் என்று அண்ணலார் முன்னறிவித்திருந்ததையும், அந்த நாசகாரன் அவனே என்பதையும் சொன்னார். படைத்தலைவன் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றான்.

பின்னர் உடல் இறக்கப்பட்டது. தாய் தம் மகனுக்குரிய இறுதிக் கடன்களை நிறைவேற்றக் கண்டார். அதன்பின் சில நாட்களே வாழ்ந்தார். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்த பெண்களுள் கடைசியாக மறைந்தவர் அவரே. அந்த வயதிலும் அவருடைய பல் ஒன்றும் விழவில்லை. அறிவும் மங்கவில்லை என்று வரலாறு கூறுகிறது.

நாம் செய்ய வேண்டியது

அன்பு வாசகர்களே! அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றிப் பேசும்போது, நாம் பெரும்பாலும் தொடக்கத்தில் கிழிந்த கச்சையையும் முடிவில் ஹஜ்ஜாஜின் முன் நின்ற வீரத்தையும் மட்டுமே பேசுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ எழுபது ஆண்டு வாழ்க்கை. மாவு பிசைந்ததும், வாளி தைத்ததும், கொட்டை சுமந்ததும், காய்ச்சல்காரப் பெண்களுக்குத் தண்ணீர் தெளித்ததும் அந்த இடைக்காலத்திலேதான். நூறாவது வயதில் காட்டிய உறுதி ஒரே நாளில் வந்ததன்று. நாள்தோறும் சிறு சிறு சுமைகளைச் சுமந்து பழகிய தலைதான் அந்தப் பெருஞ்சுமைக்கும் வளையாமல் நின்றது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாய் இருக்கலாம். உங்கள் தெருவிலே ஒரு மூதாட்டி இருக்கலாம். அவர் பத்தாயம் நிரப்பிய நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அவர் மறைந்தபின் கூடிப் பாராட்டுவது எளிது. இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது அவர் பக்கத்தில் சற்று அமருங்கள். இளமையில் அவர் சுமந்தது என்ன, எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். சொல்லச் சொல்லிக் கேட்டு உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். இன்னும் அவர் தலையிலே சுமை இருக்குமானால், அதை இறக்கி வைக்கக் கை கொடுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அந்த இரட்டைக் கச்சைப் பெருமாட்டியின் உறுதியையும் ஈகையையும் நம் இல்லங்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.